ஓட்டுநர் மட்டும்

இல்ல, இல்ல, ஜன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க சார். எனக்குக் காத்து ஒத்துக்காது. மன்னிச்சுக்குங்க, நான் ஒட்டுக் கேக்கலை. பஸ் ஸ்டாண்டுல நின்னு க்ளெய்ம், க்ளெய்ம்னு போன்ல சத்தமா பேசிக்கிட்டிருந்தீங்களே, காதுல விழுந்துடுச்சு. காரா, பைக்கா? காரா. யாரு இடிச்சது? சரி, சரி, எங்கிட்ட சொல்ல வேண்டாம். ஆனா ஃபாரத்துல சொல்லிடுங்க. அதுல "விபத்து நடந்த விதம்"னு போட்டு மூணு கோடு விட்டிருப்பாங்க பாருங்க, அந்த மூணு கோட்டுக்குள்ள முடிச்சுக்குங்க. நான் தனியா நாலு பக்கம் எழுதி இணைச்சேன். இணைப்பு ஒன்று, இணைப்பு இரண்டுன்னு நம்பர் வேற.

சிரிங்க, பரவாயில்ல. நீங்க எதுவரைக்கும்? திருக்காட்டுப்பள்ளியா? நான் அதுக்கு ரெண்டு ஸ்டாப் முன்னாடி இறங்கணும். நேரம் இருக்கு, சொல்றேன்.

என் பேரு தாயுமானவன். உறையூர்ல வீடு. கவர்மெண்ட் ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்து ரிட்டயர் ஆனேன். எந்த ஆபீஸ்னு கேக்காதீங்க, அவங்களாவது நிம்மதியா இருக்கட்டும். எங்க ஆபீஸ்ல லெட்டர்னா நான்தான். மேலேர்ந்து விளக்கம் கேட்டு வந்தா பதில் என் கையிலதான் போகும். ஒரு தடவை ஒரு பீரோ காணாமப் போச்சு சார். இரும்பு பீரோ, நாலு பேர் சேந்தாத்தான் நகத்தவே முடியும். அது காணாமப் போகவே இல்லைங்கிற மாதிரி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஃபைலை மூடிட்டாங்க. பீரோ இன்னைய வரைக்கும் வரலை. அப்படி ஒரு கை எனக்கு. அந்தக் கைதான் என்னைக் கெடுத்துச்சு.

ரிட்டயர் ஆன கையோட கார் வாங்கினேன். சின்ன கார்தான், வெள்ளைக் கலர். அறுபது வயசுல டிரைவிங் கத்துக்கிட்டேன். சொல்லிக் குடுத்தவர் கடைசி நாள் என்ன சொன்னார் தெரியுமா? "சார், நீங்க நல்லா ஓட்டுறீங்க. ஆனா ரோட்டுல மத்தவங்களும் இருக்காங்க"ன்னார். நான் அதைப் பாராட்டுன்னு எடுத்துக்கிட்டு அவருக்கு ஸ்வீட் வாங்கிக் குடுத்துட்டு வந்தேன்.

போன ஆவணி மாசம். என் சம்சாரத்தோட தங்கச்சி துவாக்குடி பக்கம் புது வீடு கட்டி, பால் காய்ச்சினாங்க. போய்ட்டுத் திரும்பி வர்றோம். மணி பதினொண்ணு இருக்கும், நல்ல வெயில். திருவெறும்பூர் தாண்டுறதுக்குள்ள எதிர்ப்பக்கம் ஒருத்தர் இளநி வெட்டிக்கிட்டிருக்கார். எனக்கு உடனே இளநி குடிக்கணும். நடுவுல திரும்புறதுக்கு இடைவெளி இருக்கு. நான் இடது ஓரமா போய்க்கிட்டிருக்கேன். அகிலா, என் சம்சாரம், அகிலாண்டேஸ்வரின்னு பேரு, பக்கத்து சீட்டுல இருந்தா. "இண்டிகேட்டர் போடுங்க"ன்னா. "எல்லாம் எனக்குத் தெரியும், நீ சும்மா இரு"ன்னேன். "என்னங்க, பின்னாடி வண்டி வருது, இப்ப திருப்பாதீங்க"ன்னா. அவ சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் திருப்பிட்டேன்.

வலது பக்கமா நேரா வந்துக்கிட்டிருந்த ஒரு குட்டியானை வண்டி. தண்ணி கேன் லோடு. அதோட இடது கதவுல போய் என் மூக்கு மோதிச்சு. என் மூக்கு இல்ல, காரோட மூக்கு. அப்ப எனக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கேன் எல்லாம் கயிறு அறுந்து ரோடு பூரா உருளுது. நான் கதவைத் திறந்துக்கிட்டு ஓடி முன்னாடி போய்ப் பாத்தேன். வலது ஹெட்லைட் பொடிப் பொடியா கிடக்கு. பம்பர் ஒரு பக்கம் தொங்குது. பானெட் மடங்கி நிக்குது. வாங்கி நாலு மாசம் ஆகலை.

என்ன கேட்டீங்க? ஆமா, அவளுக்குத்தான் அடி. மோதுறப்ப டேஷ்போர்டுல கையை ஊனிட்டா. வலது மணிக்கட்டு எலும்பு விட்டுப் போச்சு. அது எனக்கு உடனே தெரியலை. நான் பம்பரைத் தூக்கிப் பிடிச்சுப் பாத்துக்கிட்டிருந்தேன். லோடு வண்டிக்காரன்தான் அவளைக் கை புடிச்சு இறக்கினான். கீழ உருண்டு கிடந்த ஒரு கேன் மூடியை உடைச்சு மூஞ்சில தண்ணி தெளிச்சு, குடிக்கக் குடுத்து, ஆட்டோ பிடிச்சு ஏத்தி விட்டான். அவ செருப்பு ஒண்ணு ரோட்டுல கிடந்துச்சு, அதையும் தேடி எடுத்து ஆட்டோவுல வச்சான். அப்புறம் எங்கிட்ட வந்து, "சார், நீங்க அம்மாகூட ஆஸ்பத்திரிக்குப் போங்க, வண்டியை ஓரமா தள்ளி வைக்கிறேன்"னான். பேரு சூசைராஜ். முப்பத்தஞ்சு வயசு இருக்கும். சொந்த வண்டி. ஓட்டலுக்கெல்லாம் தண்ணி போடுறவன்.

இதுவரைக்கும் நடந்தது நடந்தபடி சொல்லிட்டேன். எழுதறப்ப நான் இப்படி எழுதலை.

ஆஸ்பத்திரில மாவுக்கட்டு போட்டு வீட்டுக்கு வந்தாச்சு. சாயங்காலம் இன்சூரன்ஸ் க்ளெய்முக்குப் பேப்பரை எடுத்து வச்சு உக்காந்தேன். "நான் திருப்பினேன், இடிச்சிட்டேன்"னு எழுதணும். பேனா நகர மாட்டேங்குது. முப்பத்தோரு வருஷம் ஆபீஸ் பண்ணின தப்புக்கெல்லாம் விளக்கம் எழுதினவன் சார் நான். சொந்தமா ஒரு தப்புப் பண்ணினேன்னு எழுதுறதுக்கு என்கிட்ட வார்த்தை இல்ல. ஆனா இன்னொண்ணு எழுத வார்த்தை தானா வருது. "சாலையின் இடது ஓரத்தில், போக்குவரத்து விதிகளுக்கு உட்பட்டு, அபாய விளக்குகளை எரியவிட்டு, எனது வாகனத்தை முறையாக நிறுத்தியிருந்தபோது, மேற்படி சரக்கு வாகனம் கட்டுக்கடங்காத வேகத்தில் வந்து..." எழுதி முடிச்சுப் படிச்சுப் பாத்தேன். எனக்கே சூசைராஜ் மேல கோவம் வந்துடுச்சு.

ஃபாரத்துல ஒரு கட்டம் இருந்துச்சு. "வாகனத்தில் இருந்தவர்கள்." அங்க கொஞ்ச நேரம் யோசிச்சேன். அகிலா பேரை எழுதினா அவளை விசாரிப்பாங்க. அவளுக்குப் பொய் வராது. பக்கத்து வீட்டுலேர்ந்து யாராவது கடன் கேட்டு வந்தா, வீட்டுல சர்க்கரை இருக்கிறதைக்கூட மறைக்கத் தெரியாது. அதனால, "ஓட்டுநர் மட்டும்"னு எழுதினேன். என்ன சுருக்கம் பாருங்க, நாலு பக்கத்துல அதுதான் நல்ல வாக்கியம்னு அன்னைக்கு நினைச்சேன்.

மறுநாள் காலைல போலீஸ் ஸ்டேஷன்ல போய் சூசைராஜ் மேல கம்ப்ளெய்ண்டும் எழுதிக் குடுத்தேன். ரெண்டுலயும் ஒரே மாதிரி இருக்கணும் இல்லையா? அவன் வண்டியை ஒன்பது நாள் ஸ்டேஷன்ல நிறுத்தி வச்சுட்டாங்க. அந்த ஒன்பது நாள்ல ஓட்டல்காரங்க எல்லாம் வேற ஆள்கிட்ட தண்ணி வாங்க ஆரம்பிச்சுட்டாங்க. இது எனக்குப் பின்னாடிதான் தெரியும்.

ஒர்க்‌ஷாப்புக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். காரைச் சுத்திச் சுத்திப் பாத்தார். "சார், நின்னுக்கிட்டிருந்த வண்டியைப் பின்னாடி வந்து இடிச்சா, பின்னாடி இல்ல அடி பட்டிருக்கணும்? உங்க வண்டி பின்பக்கம் புதுசா இருக்கே"ன்னார். "உரசிக்கிட்டு முன்னாடி வந்தான்"னேன். "சரி, அவர் வண்டி இடது கதவு நடுவுல உள்வாங்கியிருக்கே? உங்க மூக்கு அங்க எப்படிப் போச்சு?" நான் இணைப்பு மூணைப் படிச்சுப் பாருங்கன்னேன். அவர் நல்ல மனுஷன் சார். தனியா கூப்பிட்டுச் சொன்னார். "ஐயா, உங்களுது ஃபுல் இன்சூரன்ஸ். நீங்க இடிச்சாலும் பணம் வரும், அவர் இடிச்சாலும் வரும். தப்பு யாரு மேலங்கிறது உங்க வண்டிக்குப் பிரச்சினையே இல்ல. நடந்ததை எழுதிக் குடுத்துடுங்க, வேற ஃபாரம் தர்றேன்."

கேட்டீங்களா? நான் இடிச்சேன்னு எழுதினாலும் பணம் வரும்! யாருமே கேக்காத பொய் சார் அது. அப்பவாவது ஃபாரத்தை வாங்கியிருக்கலாம். வாங்கலை. "என் எழுத்துல திருத்தம் போடுற வழக்கம் இல்ல"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இதைச் சொல்றப்ப இப்பவும் காது சுடுது.

அப்புறம் கம்பெனிலேர்ந்து விசாரிக்க ஒருத்தர் வீட்டுக்கே வந்தார். ஹால்ல உக்காந்து என் நாலு பக்கத்தையும் மடில வச்சுக்கிட்டுப் படிச்சார். அகிலா அடுப்படிலேர்ந்து இடது கையால காபி கொண்டு வந்து வச்சா. வலது கை கழுத்துல தொங்குது. அவர் அவளைப் பாத்தார், கையைப் பாத்தார்.

"அம்மா, விபத்தன்னைக்கு நீங்க வண்டில இருந்தீங்களா?"

நான் என்ன எழுதியிருக்கேன்னு அவளுக்குத் தெரியாது. காட்டலை. நான் அவர் நாற்காலிக்குப் பின்னாடி நின்னு இல்லைன்னு தலையை ஆட்டுறேன். அவ என்னையே பாத்தா. அப்புறம் அவர்கிட்ட கேட்டா, "இவர் என்னன்னு எழுதியிருக்கார்?"

"ஓட்டுநர் மட்டும்னு எழுதியிருக்கார்."

அவ காபியை அவர் பக்கம் நகத்தி வச்சா. "அப்ப அப்படித்தான்"னா.

"கையில என்னம்மா?"

"வழுக்கிடுச்சு."

"எங்க?"

"வீட்டுலதான்."

அவர் காபியைக் குடிச்சிட்டுப் போய்ட்டார். எனக்கு சந்தோஷம் தாங்கலை. "அகிலா, பிரமாதம்! இப்படிப் பேசுவேன்னு நான் நினைக்கவே இல்ல"ன்னேன். அவ டம்ளரை எடுத்துக்கிட்டுப் போய் ஒத்தக் கையால கழுவிக்கிட்டிருந்தா. அன்னைக்கு முழுக்க எங்கிட்ட பேசலை. கை வலிக்குது போலன்னு நினைச்சேன். அப்படித்தான் நினைச்சேன் சார், பொய் சொல்லலை.

ஒரு மாசம் கழிச்சு லெட்டர் வந்துச்சு. நான் சொன்னதுக்கும் வண்டில இருக்கிற அடிக்கும் பொருத்தம் இல்ல, க்ளெய்ம் தர முடியாதுன்னு. அந்த லெட்டர்ல ரெண்டு இடத்துல ஒற்று விட்டுப் போயிருந்துச்சு. அதைச் சிவப்புல வட்டம் போட்டு, பதினொரு பக்கத்துக்கு மேல்முறையீடு எழுதினேன். கார் ஒர்க்‌ஷாப்புலேயே தூசி படிஞ்சு கிடக்கு. நான் தினம் ஜெராக்ஸ் கடைக்குப் போய்ட்டு வர்றேன். தெருவுல பாக்கிறவங்க கிட்டல்லாம் எனக்கு நடந்த அநியாயத்தைச் சொல்றேன். சொல்லிச் சொல்லி, நிறுத்தியிருந்த காருல நான் தனியா உக்காந்திருந்த மாதிரி எனக்கே ஞாபகம் வர ஆரம்பிச்சுடுச்சு.

மெட்ராஸ்லேர்ந்து கம்பெனியோட குறை கேக்கிற அதிகாரி ஒரு அம்மா வர்றாங்க, நேர்ல வாங்கன்னு கூப்பிட்டாங்க. நான் அகிலாவையும் வரச் சொன்னேன். எதுக்கு? வண்டில இல்லைன்னு சொல்றதுக்கு! டவுன் பஸ்ல போறப்ப அவ கேட்டா.

"நான் அங்க வந்து என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் வேண்டாம். வண்டில நான் இல்லைன்னு மட்டும் சொன்னாப் போதும்."

"அப்ப எங்க இருந்தேன்?"

"வீட்டுல."

"வீட்டுல என்ன பண்ணிக்கிட்டிருந்தேன்?"

நான் அதை யோசிக்கலை. "ஏதாவது சொல்லேன், சமைச்சுக்கிட்டிருந்தேன்னு."

"என் தங்கச்சி வீட்டுல அன்னைக்கு பால் காய்ச்சினாங்க. நான் போகாம வீட்டுல சமைச்சேன்?"

நான் கண்டக்டரைப் பாத்து சில்லறை கேட்டேன்.

அந்த ஆபீஸ்ல ஒரு நீள மேசை. அந்தப் பக்கம் அதிகாரி அம்மா, கண்ணாடி போட்டுக்கிட்டு என் பதினொரு பக்கத்தையும் புரட்டிக்கிட்டிருக்காங்க. வீட்டுக்கு வந்து விசாரிச்சவர் பக்கத்துல. நான் சட்டைப் பையில ரெண்டு பேனாவோட உக்காந்திருக்கேன். "எதிர் வண்டி ஓட்டினவரைக் கூப்பிடுங்க"ன்னாங்க. சூசைராஜ் உள்ள வந்தான். இளைச்சுப் போயிருந்தான். என் மேல கோவத்தைக் கக்கப் போறான், கக்கட்டும், என் கேஸுக்கு நல்லதுதான்னு நான் தயாரா இருந்தேன்.

அவன் என்னைப் பாக்கவே இல்ல சார். நேரா அகிலாகிட்ட போய், "அம்மா! கை எப்படி இருக்கு? கட்டு எப்ப பிரிச்சாங்க? மடக்க வருதா?"ன்னான்.

அவ்வளவுதான். அதுல வஞ்சம் கிடையாது, கணக்கு கிடையாது. அவளைப் பாத்ததும் வாயில வந்தது அது.

அதிகாரி அம்மா தலையை நிமித்தினாங்க. "இவங்களை உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என்ன மேடம், காருலேர்ந்து நான்தானே இறக்கினேன். மயக்கமா வருதுன்னாங்க, கேனை உடைச்சு தண்ணி தெளிச்சேன்."

விசாரிச்சவர் பேனா மூடியைத் திறந்தார். அதிகாரி அம்மா அகிலா பக்கம் திரும்பினாங்க. "நீங்க சொல்லுங்கம்மா."

அகிலா என்னைப் பாத்தா. அவ நினைச்சிருந்தா ரெண்டு நிமிஷத்துல என்னைக் கவுத்திருக்கலாம். இல்ல, வீட்டுல சொன்ன மாதிரி மறுபடி எனக்காக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ரெண்டும் செய்யலை. "எழுதினவர் அவர். அவரே சொல்லட்டும்"னா.

பேச்சுக்கு முன்னாடி குறிப்பு எழுதிக்கிறவன் நான். குறிப்பே இல்ல. "இருந்தாங்க மேடம். முன்சீட்டுல இருந்தாங்க. திருப்பாதீங்கன்னு சொன்னாங்க. நான் திருப்பினேன். இண்டிகேட்டர் போடலை. நான்தான் இடிச்சேன்." எண்ணிப் பாத்தா ஒரு மூணு கோட்டுல அடங்கும்.

"ஏன் சார் இவங்க பேரை எழுதலை?"

"எழுதினா இவ உண்மையைச் சொல்லிடுவான்னுதான் மேடம்."

விசாரிச்சவர் குனிஞ்சுக்கிட்டார். சிரிப்பை அடக்குறார்னு தெரிஞ்சுது. அதிகாரி அம்மா சிரிக்கலை. கண்ணாடியைக் கழட்டி வச்சாங்க. "பதினஞ்சு பக்கம் எழுதியிருக்கீங்க சார். ஹெட்லைட் உடைஞ்சதுக்கே அரைப் பக்கம் இருக்கு"ன்னாங்க. கையெழுத்து வாங்கிக்கிட்டு, பொய்யான தகவல் குடுத்ததால க்ளெய்ம் கிடையாது, முடிவு அப்படியேதான் இருக்கும்னுட்டாங்க.

வெளில வந்து சூசைராஜ் கையைப் பிடிச்சுக்கிட்டு மன்னிச்சுக்கப்பான்னேன். அவர் மெதுவா கையை விடுவிச்சுக்கிட்டார். "எங்கிட்ட எதுக்கு சார் மன்னிப்பு? ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க. கேஸ் நடக்குதுன்னு சொல்லியே ஒரு ஓட்டல்லயும் என்னைச் சேத்துக்க மாட்டேங்குறாங்க"ன்னார். அன்னைக்கே போனேன். அங்கேயே பெஞ்சுல உக்காந்து எழுதினேன். என் கம்ப்ளெய்ண்ட் பொய், தப்பு என்னோடதுன்னு. அங்க இருந்தவர் படிச்சுட்டு, "சார், ரெண்டும் ஒரே கையெழுத்துதானா?"ன்னு ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தார். நல்லா நாலு வார்த்தை கேட்டார். கேட்டுக்கிட்டேன். ஓட்டல் ஓட்டலா போய் முதலாளிங்க கிட்ட நானே சொன்னேன். மூணு பேர் மறுபடி அவர்கிட்ட தண்ணி வாங்குறாங்க. மத்தவங்க வாங்கலை.

காரை என் செலவுல சரி பண்ணினேன். அது போகட்டும்.

அகிலா ஒரு வாரம் கழிச்சு, சாயங்காலம், "அந்த நாலு பக்கத்தோட காப்பி இருக்கா? குடுங்க"ன்னா. திட்டப் போறான்னு நினைச்சேன். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஜன்னல் வெளிச்சத்துல மொத பக்கத்துலேர்ந்து கடைசி வரைக்கும் படிச்சா. ஒரு வார்த்தை விடலை. நான் எதிர்ல பரீட்சை எழுதின மாதிரி உக்காந்திருக்கேன். படிச்சு முடிச்சு, மடிச்சு, என் கையில குடுத்தா.

"நல்லா எழுதியிருக்கீங்க. நான் இல்லாதது தெரியவே இல்ல."

திட்டியிருந்தா பதில் எழுதியிருப்பேன் சார். இதுக்கு என்ன பதில் எழுதுறது?

அதுக்கப்புறம் காருல நான் கூப்பிட்டாலும் ஏற மாட்டேங்குறா. சண்டையெல்லாம் இல்ல. "நீங்க போங்க, நான் பஸ்ல வர்றேன்"னு சிரிச்சுக்கிட்டேதான் சொல்வா. நானும் இப்ப அவகூட பஸ்லயே போய்ப் பழகிட்டேன். சூசைராஜ் வீட்டுக்கும் அவளுக்கும் நல்ல ஒட்டுதல். அவர் சம்சாரம் வாரத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணி, கைக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறீங்கன்னு கேக்கும். நான் எடுத்தா, "அம்மா இருக்காங்களா?"ன்னு மட்டும் கேக்கும்.

இப்ப எங்க போறேன்னு கேளுங்க. நாளைக்கு சூசைராஜ் ஊர்ல அவர் மகளுக்குப் புதுநன்மை. கிறிஸ்தவங்கள்ல சின்னப் பிள்ளைங்களுக்கு மொத தடவையா கோயில்ல நற்கருணை அப்பம் குடுப்பாங்களே, அது. வெள்ளை கவுன் எல்லாம் போட்டு விசேஷமா செய்வாங்க. அகிலா நேத்தே போய்ட்டா, சமையலுக்கு ஒத்தாசையா.

பத்திரிகை பத்து நாளைக்கு முன்னாடி தபால்ல வந்துச்சு. நான்தான் வாங்கினேன். கவர்ல அழகா எழுதியிருந்தது, "திருமதி அகிலாண்டேஸ்வரி அம்மா அவர்கள், உறையூர்"னு. உள்ள பிரிச்சுப் பாத்தேன். முன்னாடி பாத்தேன், பின்னாடி பாத்தேன். "குடும்பத்துடன்"னு ஒரு வார்த்தையாவது எங்கயாவது இருக்கும்னு தேடினேன். இல்ல சார். எனக்குச் சுருக்குன்னு வந்துடுச்சு. ஒரே வீட்டுல நானும்தானே இருக்கேன்? மறந்துட்டாரா, வேணும்னே விட்டாரா? அகிலாகிட்ட கொண்டு போய்க் காட்டி, "பாத்தியா, என் பேரே இல்ல"ன்னேன்.

அவ பத்திரிகையை வாங்கிப் பாத்தா. என்னையும் பாத்தா. எனக்கு அப்பதான் உறைச்சுது. அப்படியே வாசல்ல போய் நின்னுட்டேன்.

நேத்து அவ கிளம்புறப்ப நானே கேட்டேன், "நான் வரட்டுமா?"ன்னு. "உங்க பேர் போடலையே"ன்னா. "தெரியும். இருந்தாலும் வரட்டுமா?"

செருப்பை மாட்டிக்கிட்டே சொன்னா, "வாங்க. வந்து பந்தில பரிமாறுங்க. அங்க ஆள் பத்தாது."

இதோ, அந்த வேப்பமரம் தெரியுதே, அங்கதான் இறங்கணும். கொஞ்சம் வழி விடுங்க சார். கண்டக்டர், இறக்கம், இறக்கம்!